ஆளுக்கு ஏற்ற ஆட்டம்

சில கால்பந்துப் பயிற்சியாளர்களின் அணியை, சட்டையின் நிறம் தெரியாவிட்டாலும் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். பின்வரிசை முழுக்க ஒரே ஆள்போல முன்னேறி வந்து எதிரணியை ஆஃப்சைடில் மாட்டிவிட்டால் அது அர்ரிகோ சாக்கியின் பள்ளி. பந்து கோல்கீப்பரிலிருந்து அவசரமில்லாமல் கை மாறிக் கை மாறி மேலே போனால் பெப் குவார்டியோலா. கார்லோ அன்செலோட்டிக்கு இந்தச் சோதனை செல்லாது. 2003இன் ஏசி மிலான், 2010இன் செல்சி, 2014இன் ரியல் மாட்ரிட், 2024இன் ரியல் மாட்ரிட் நான்கையும் அடுத்தடுத்துப் போட்டுக்காட்டினால், ஒரே மனிதர் உருவாக்கிய அணிகள் இவை என்று ஆட்டத்தை மட்டும் பார்த்து யாரும் சொல்லமாட்டார்கள்.

அவருக்கென்று ஓர் ஆட்டமுறை கிடையாது, நட்சத்திரங்களைக் கொடுத்தால் யாரும் ஜெயிப்பார்கள் என்று சொல்பவர்களுக்கு இது வசதியாகப் போய்விட்டது. எனக்கு அந்த வாதம் ஒருநாளும் ஏறியதில்லை. நட்சத்திரங்களைக் கையில் வைத்துக்கொண்டு தோற்ற பயிற்சியாளர்களின் பட்டியல் மிக நீளமானது. இத்தாலி, இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்பெயின் ஆகிய ஐந்து நாடுகளின் முதன்மை லீகையும் வென்ற பயிற்சியாளர் இவருக்கு முன்னால் ஒருவரும் இல்லை. சாம்பியன்ஸ் லீகைப் பயிற்சியாளராக ஐந்து முறை வென்றவரும் இவர் ஒருவரே. ஆட்டக்காரராக வென்ற இரண்டு ஐரோப்பியக் கோப்பைகள் தனி. இத்தனை நாடுகளில், இத்தனை விதமான ஆட்டக்காரர்களோடு இது தற்செயலாக நடக்காது. அன்செலோட்டியின் கலை வரைபடத்தில் இல்லை, ஆளைப் பார்ப்பதில் இருக்கிறது. அந்தப் பார்வை அவருக்கு எப்படி வந்தது என்பதுதான் அவர் வாழ்க்கையில் என்னை மிகவும் ஈர்க்கும் பகுதி.

1959இல் வட இத்தாலியின் எமிலியா பகுதியில், ரெஜ்ஜோலோ என்ற ஊரில் பிறந்தார். தந்தை மாடு வைத்துப் பிழைத்த விவசாயி. பால் அந்தப் பகுதியின் பேர்பெற்ற பார்மசான் பாலாடைக்கட்டியாக மாறும். அது முதிர்ந்து விலைபோக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். குரலை உயர்த்தாத தந்தையைப் பற்றியும் அந்தக் காத்திருப்பைப் பற்றியும் அன்செலோட்டி பலமுறை பேசியிருக்கிறார். பக்கத்து நகரமான பார்மாவின் கிளப்பில் தொடங்கி, 1979இல் ரோமாவுக்குப் போனார்.

ரோமாவில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் நீல்ஸ் லீட்ஹோம் என்ற ஸ்வீடன்காரர். ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு ஆடும் தடுப்பாட்டமே வேதம் என்றிருந்த இத்தாலியில் இடத்தைக் காக்கும் தடுப்பையும் நிதானமான பாஸையும் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். அவர் செய்த ஒரு காரியம் எனக்கு எப்போதும் நினைவில் நிற்கும். அணியின் தலைவர் அகொஸ்தீனோ தி பார்தொலொமேயி நடுக்களத்தின் மூளை. நல்ல பாஸ், நல்ல ஷாட், ஆனால் கால்கள் மெதுவானவை. 1982-83 பருவத்தில் லீட்ஹோம் அவரை முன்னே தள்ளாமல் பின்னே இழுத்துத் தடுப்பு வரிசையின் நடுவில் நிறுத்தினார். அங்கே அவரைத் துரத்த ஆளில்லை. மைதானம் முழுவதும் கண்ணுக்கு முன்னால் விரிந்திருந்தது. அந்தப் பருவத்தில் ரோமா லீகை வென்றது. அந்த அணியின் நடுக்களத்தில் ஆடிய இளைஞர் அன்செலோட்டி இதைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இருபது ஆண்டுகள் கழித்து மிலானில் அவர் செய்ததைப் பார்க்கும்போது, விதை இங்கேதான் விழுந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

ரோமாவில் அவருக்குக் கிடைத்த இன்னொரு பாடம் வலியுடையது. 1981இல் ஒரு முழங்கால் போனது. 1982 உலகக் கோப்பையை இத்தாலி வென்றபோது அவர் அணியில் இல்லை. தேறி வந்தார், 1983 கடைசியில் மற்ற முழங்காலும் போனது. 1984 மே மாதம், ரோமா தன் சொந்த மைதானத்திலேயே லிவர்பூலுக்கு எதிராக ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம் ஆடி, பெனால்டிகளில் தோற்றபோதும் அவரால் ஆட முடியவில்லை. இரண்டு முழங்காலும் அடிபட்ட நடுக்கள ஆட்டக்காரர் வேகத்தை நம்ப முடியாது. பந்து வந்து சேரப்போகும் இடத்தில் முன்கூட்டியே நின்றாக வேண்டும். எதிரே வருபவன் என்ன நினைக்கிறான், பக்கத்தில் நிற்பவனுக்கு எந்தக் கால் பிடித்தமானது, யார் இன்று களைத்திருக்கிறான் என்பதையெல்லாம் கண்ணாலேயே அளக்க வேண்டும். பயிற்சியாளர் வேலையை அவர் கற்கத் தொடங்கியது அந்த நாட்களில்தான் என்று நினைக்கிறேன்.

1987இல் சாக்கி அவரை மிலானுக்குக் கேட்டபோது, அந்த முழங்கால்களை வாங்கக் கிளப் தயங்கியது. சாக்கி விடவில்லை. அங்கே கிடைத்தது லீட்ஹோமுக்கு நேரெதிரான கல்வி. எல்லாம் ஒழுங்கு, எல்லாம் பயிற்சி, பந்தே இல்லாமல் வரிசை நகரும் ஒத்திகை. ருட் குல்லிட், மார்கோ வான் பாஸ்டன், ஃபிராங்க் ரைகார்ட், ஃபிராங்கோ பரேசி, பாவ்லோ மால்தினி என்று பெயர்கள் மின்னிய அணியில், மின்னாமல் வேலை செய்தவர் அன்செலோட்டி. 1989 ஏப்ரலில் சான் சீரோவில் ரியல் மாட்ரிட்டை 5-0 என்று வீழ்த்திய அரையிறுதியின் முதல் கோல் அவருடையது. ஆளை ஏமாற்றி இடம் உண்டாக்கிக்கொண்டு, தொலைவிலிருந்து வலையின் மேற்பகுதிக்கு அடித்த அடி. அந்தக் கோலை இன்று பார்த்தாலும் எனக்கு வியப்பு, அடித்தது அணியின் ஐந்தாறு நட்சத்திரங்களில் ஒருவர் இல்லை என்பதில். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் மிலான் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. 1992இல் அவர் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார்.

பின் இத்தாலியத் தேசிய அணியில் சாக்கிக்கு உதவிப் பயிற்சியாளர். 1994இல் அமெரிக்காவின் பசடீனாவில், பிரேசிலிடம் பெனால்டியில் உலகக் கோப்பையை இழந்த அந்த வெயில் மதியத்தில் அவரும் அங்கே இருந்தார். அடுத்து ரெஜ்ஜானா என்ற சின்னக் கிளப்பை ஒரே பருவத்தில் இரண்டாம் பிரிவிலிருந்து முதல் பிரிவுக்கு ஏற்றினார். 1996இல் பழைய வீடான பார்மா அழைத்தது.

பார்மாவில் அவர் சாக்கியின் அசல் சீடர். இரண்டு நால்வர் வரிசை, முன்னே இருவர், இதற்கு மேல் பேச்சில்லை. அணி நன்றாகவே ஆடியது. இளம் கோல்கீப்பர் ஜியான்லூயிஜி புஃபோன், தடுப்பில் லிலியான் துராம், ஃபாபியோ கனவாரோ. முதல் பருவத்திலேயே யுவென்டஸுக்கு இரண்டு புள்ளி பின்னால் இரண்டாம் இடம். ஆனால் அந்த வரைபடத்தில் முன்கள வீரருக்கும் நடுக்களத்துக்கும் இடையே உலவும் ஆட்டக்காரனுக்கு இடமே இல்லை. அந்த வகையில் அன்று இத்தாலியில் சிறந்தவர்களில் ஒருவரான ஜியான்ஃபிராங்கோ ஸோலா அவர் அணியில்தான் இருந்தார். இடதுபக்க நடுக்களத்தில் ஒதுக்கப்பட்ட ஸோலா, 1996 இறுதியில் செல்சிக்குப் போனார். அடுத்த கோடையில் ராபர்ட்டோ பாஜோ பார்மாவுக்கு வரத் தயாராக இருந்தார். இரண்டு முன்கள வீரர்களுக்குப் பின்னால் ஆட விரும்பினார். அன்செலோட்டி மறுத்தார். பாஜோ பொலோன்யாவுக்குப் போய் அந்தப் பருவத்தில் 22 லீக் கோல் அடித்தார்.

இந்த மறுப்பைப் பற்றி அன்செலோட்டி மழுப்பியதே கிடையாது. தவறு செய்தேன், வரைபடத்துக்காக ஆளை விட்டுவிட்டேன் என்ற பொருளில் பலமுறை சொல்லியிருக்கிறார். பெரிய பயிற்சியாளர்கள் தங்கள் தவற்றைக் கொள்கையாக்கிக் காலமெல்லாம் காப்பாற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறோம். இவர் முப்பத்தெட்டாம் வயதில் செய்த ஒரு தவற்றைத் தன் எஞ்சிய வாழ்க்கைக்கே ஆசானாக்கிக்கொண்டார்.

1999இல் யுவென்டஸுக்கு வந்தபோது அங்கே ஜினடின் ஜிடேன் இருந்தார். ஜிடேனை இடதுபக்கம் நிறுத்த யாருக்கு மனம் வரும்? அன்செலோட்டி தன் 4-4-2ஐ முதன்முறையாக உடைத்தார். பின்னால் மூவரை நிறுத்தி, முன்கள வீரர் இருவருக்குப் பின்னால் ஜிடேனை அவிழ்த்துவிட்டார். லீக் கோப்பை கிடைக்கவில்லை. இரண்டு ஆண்டும் இரண்டாம் இடம். எதிரணிகளின் பழைய ஆள் என்று விசிறிகளும் அவரை ஏற்கவில்லை. ஆனால் இந்தத் தோல்வியின் நடுவே ஓர் அபூர்வமான தருணம் இருக்கிறது.

2001 ஏப்ரல், டூரின் நகரம். யுவென்டஸுக்கு எதிராக பிரெஷ்யா. பிரெஷ்யாவின் பத்தாம் எண் பாஜோ. அவருக்குப் பின்னால், தடுப்பு வரிசைக்குச் சற்று முன்னே, இன்டர் மிலான் வேண்டாமென்று கடன் கொடுத்திருந்த இருபத்தொரு வயது இளைஞன் ஆந்திரேயா பிர்லோ. பாஜோவின் இடத்தை அவனுக்குத் தர முடியாததால் பயிற்சியாளர் கார்லோ மத்ஸோனே அவனைப் பின்னால் இறக்கியிருந்தார். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் பிர்லோ நடுக்களத்திலிருந்து நீண்ட பந்தொன்றைத் தூக்கி அனுப்பினான். பாஜோ ஓட்டத்திலேயே, தோளுக்கு மேல் வந்த பந்தை ஒரே தொடுதலில் அடக்கி, அதே தொடுதலில் கோல்கீப்பரையும் கடந்து, வலைக்குள் தள்ளினார். ஆட்டம் 1-1. அந்தப் பருவத்தில் லீகை வென்ற ரோமா 75 புள்ளி, யுவென்டஸ் 73. மறுத்து அனுப்பிய மேதையும், அடுத்து தான் கண்டெடுக்கப்போகும் மேதையும் சேர்ந்து செய்த கோலை எதிரணி பெஞ்சிலிருந்து அன்செலோட்டி பார்த்தார்.

சில மாதங்களில் அவர் மிலானின் பயிற்சியாளர். பிர்லோவும் அங்கே வந்திருந்தான், பெஞ்சில். அவனுடைய இடத்துக்கு ரூயி கோஸ்டா இருந்தார், 2002இல் ரிவால்டோவும் வந்துவிட்டார். தன்னைத் தடுப்புக்கு முன்னால் இறக்கிப் பாருங்கள் என்று பிர்லோவே கேட்டான். அன்செலோட்டிக்குச் சந்தேகம் இருந்தது. அந்த இடம் அதுவரை எதிரியின் காலை மறிப்பவர்களின் இடம். மெலிந்த, வேகமில்லாத பையன் அங்கே நிற்பானா? ஆனாலும் பயிற்சிக் காலத்தில் இறக்கிப் பார்த்தார், பார்த்ததும் புரிந்தது. முன்னே நின்றால் முதுகுக்குப் பின்னால் இருவர், பந்தைத் தொட்டுத் திரும்ப நேரமில்லை. இருபது கஜம் பின்னே வந்தால் அதே கால்களுக்கு இரண்டு நொடி கூடுதலாகக் கிடைக்கிறது. அந்த இரண்டு நொடியில் பிர்லோ மைதானம் முழுவதையும் வாசித்துவிடுவான்.

ஆளை நகர்த்தினால் மட்டும் போதாது, சுற்றியுள்ள எல்லாவற்றையும் அதற்கேற்ப அடுக்க வேண்டும் என்பதில்தான் கைவண்ணம். பிர்லோ மறிக்கமாட்டான், எனவே வலப்புறம் மூச்சுவிடாமல் ஓடும் கென்னாரோ கட்டூசோ. இடப்புறம் பந்தை இழக்கவே தெரியாத கிளாரன்ஸ் சீடார்ஃப். மேலே இரண்டு படைப்பாளிகள், உச்சியில் ஒரு முன்கள வீரர். 4-3-2-1, கிறிஸ்துமஸ் மரம் என்று பெயர் வாங்கிய அமைப்பு. கிளப்பின் முதலாளி பெர்லுஸ்கோனி இரண்டு முன்கள வீரர் வேண்டும் என்பார். அன்செலோட்டி தலையாட்டிக் கேட்டுக்கொள்வார், தன் கணக்கையும் விடமாட்டார். 2003 மே மாதம் ஓல்ட் டிராஃபோர்டில், தன்னை வெளியேற்றிய யுவென்டஸைப் பெனால்டிகளில் வென்று முதல் சாம்பியன்ஸ் லீகைப் பெற்றார். அதன்பின் பத்தாண்டுகள் உலகமெங்கும் கிளப்புகள் தங்களுக்கொரு பிர்லோவைத் தேடின. 2006இல் இத்தாலி உலகக் கோப்பையை வென்ற இறுதி ஆட்டத்தில் சிறந்த ஆட்டக்காரர் பிர்லோ, அதே இடத்தில் நின்று.

மிலானின் அந்த அணியைப் பற்றிப் பேசினால் 2005 இஸ்தான்புல் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தைத் தாண்டிப் போக முடியாது. முதல் நிமிடத்தில் மால்தினி, பிறகு ஹெர்னான் கிரெஸ்போ இரண்டு, இடைவேளையில் 3-0. அதில் மூன்றாவது கோலுக்குக் காகா கொடுத்த பாஸ், நான் பார்த்தவற்றுள் மிக அழகான பாஸ்களில் ஒன்று. பிறகு ஆறே நிமிடத்தில் லிவர்பூல் மூன்று கோல் அடித்தது, பெனால்டிகளில் கோப்பையையும் கொண்டுபோனது. இதற்குப் பிறகு ஓர் அணி உடைந்துபோவது இயல்பு. பயிற்சியாளர் யாரையாவது குற்றவாளியாக்குவதும் இயல்பு. அன்செலோட்டி யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, அணியின் முதுகெலும்பையும் கலைக்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து ஏதென்ஸ் இறுதி ஆட்டத்தில், பெரும்பாலும் அதே முகங்களோடு, அதே லிவர்பூலை 2-1 என்று வென்றார். இரண்டு கோலும் பிலிப்போ இன்சாகி. முதல் கோல் பிர்லோவின் ஃப்ரீ கிக் இன்சாகியின் உடலில் பட்டுத் திசைமாறிப் போனது. காத்திருப்பவர்களுக்கு ஆட்டம் எந்த வடிவத்திலும் திருப்பித் தரும்.

செல்சியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 2009-10இல் லீகும் எஃப்ஏ கோப்பையும் ஒரே பருவத்தில். லீகில் 103 கோல். வலிமையும் நேரடி வேகமும் கொண்ட திதியே துரோக்பா, ஃபிராங்க் லாம்பார்ட் போன்றவர்களுக்கு மிலானின் நிதானத்தைப் புகட்ட அவர் முயலவில்லை. அவர்களுக்கு எது சுகமோ அதையே பெரிதாக்கினார். அடுத்த ஆண்டு இரண்டாம் இடம் வந்ததற்கு வேலை போனது. பாரிஸில் 2013இல் லீக் வென்றுவிட்டு மாட்ரிட் வந்தார்.

மாட்ரிட்டில் எனக்குப் பிடித்த கதை ஏஞ்சல் டி மரியாவுடையது. கேரத் பேல் பெரும் விலைக்கு வந்திறங்கியதும், விங்கரான டி மரியாவின் இடம் போய்விட்டது. கிளம்பிவிடுவார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அன்செலோட்டி அவரை லூகா மோட்ரிச்சுக்கும் ஷாபி அலோன்சோவுக்கும் பக்கத்தில், நடுக்களத்தின் இடப்புறம் நிறுத்தினார். விங்கர் நடுக்களத்தில் நின்றால் அணி ஓட்டையாகிவிடும் என்பது பாடப்புத்தகம். ஆனால் டி மரியாவின் நுரையீரலையும், பந்தோடு முப்பது கஜம் ஓடும் பைத்தியக்காரத்தனத்தையும் அவர் பார்த்திருந்தார். லிஸ்பனில் 2014 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். எதிரணி அத்லெடிகோ மாட்ரிட் முன்னிலையில் இருக்க, கூட்டிக்கொடுத்த நேரத்தின் மூன்றாம் நிமிடத்தில் செர்ஜியோ ராமோஸ் தலையால் சமன் செய்தது எல்லோர் நினைவிலும் இருக்கும். கூடுதல் நேரத்தில் களைத்து விழுந்துகொண்டிருந்த இருபது பேர் நடுவே டி மரியா இடப்புறம் தனியாக ஊடுருவி அடித்ததும், கோல்கீப்பர் காலில் பட்டுத் தெறித்த அதை பேல் தலையால் முட்டி வலைக்குள் சேர்த்ததும்தான் என் கணக்கில் அந்த ஆட்டத்தின் உச்சம். மாட்ரிட் பன்னிரண்டு ஆண்டுகள் ஏங்கிய பத்தாவது கோப்பை அது.

கர்நாடக இசைக் கச்சேரியில் பெரிய மிருதங்க வித்வான்கள் பாடுபவரின் மூச்சைக் கேட்டு வாசிப்பார்கள். பாடகருக்குத் தாளம் இயல்பாக வந்துவிட்டதாகச் சபைக்குத் தோன்றும். தனி ஆவர்த்தனம் வரும்வரை வித்வானைப் பலர் கவனிப்பதுகூட இல்லை. அன்செலோட்டி தனி ஆவர்த்தனமே வாசிக்காத வித்வான். அதனால்தான் அவர் கலையைப் பற்றி எழுத வரும் என் போன்றவர்கள் ஜிடேன், பிர்லோ, டி மரியா என்று பிறர் பெயரையே சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கலை பலிக்காத இடங்களும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். பயர்ன் மியூனிக்கில் 2017இல் லீக் வென்றாலும், குவார்டியோலாவின் கடும் பயிற்சிக்குப் பழகிய அணிக்கு இவருடைய தளர்வான நாட்கள் ஒத்துவரவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் அனுப்பப்பட்டார். நாப்போலியிலும் பாதியில் முடிந்தது. தாமாகவே ஆட்டத்தைத் தீர்மானிக்கத் தெரிந்த ஆட்டக்காரர்கள் இருக்கும் இடத்தில்தான் இவருடைய சுதந்திரம் பூக்கிறது. ஒவ்வோர் அடியும் சொல்லித் தரப்பட வேண்டும் என்று எதிர்பார்க்கும் அணியில் அது வெறும் அலட்சியமாகத் தெரிந்துவிடுகிறது. 2021இல் இங்கிலாந்தின் எவர்ட்டனிலிருந்து அவரை மாட்ரிட் மறுபடி அழைத்தபோது, காலம் முடிந்தவரை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டவர்கள் அதிகம்.

பதில் 2022 மே மாதம் கிடைத்தது. மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி, இரண்டாவது ஆட்டம், இந்திய நேரம் நள்ளிரவு தாண்டி. மொத்தத்தில் இரண்டு கோல் பின்னடைவு, பத்துப் பதினைந்து நிமிடம்தான் மிச்சம். தன் அணியின் தூண்களான டோனி குரூஸ், மோட்ரிச், காசெமிரோ மூவரையும் ஏற்கெனவே வெளியே எடுத்துவிட்டிருந்தார். அந்தத் துணிச்சலை எந்தப் பாடப்புத்தகமும் பரிந்துரைக்காது. இளங்கால்கள் உள்ளே வந்திருந்தன. தொண்ணூறாம் நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரர் ரோட்ரிகோ ஒரு கோல், அடுத்த நிமிடமே இன்னொன்று. கூடுதல் நேரத்தில் கரீம் பென்சிமாவின் பெனால்டி. இதையெல்லாம் அன்செலோட்டி பெஞ்சோரத்தில் நின்று இடது புருவத்தை மட்டும் உயர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடுதல் நேரத்துக்கு முன்னால், வெளியே உட்கார்ந்திருந்த குரூஸிடமும் மார்செலோவிடமும் அடுத்து யாரை இறக்கலாம் என்று கலந்து பேசினார். இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் இந்தத் தொழிலில் இருப்பவர், வாழ்க்கையின் மிகப் பெரிய இரவுகளில் ஒன்றில், தன் ஆட்டக்காரர்களிடம் கேட்கிறார். பாரிஸ் இறுதியில் எதிரே மறுபடி லிவர்பூல். 1-0.

2023இல் பென்சிமா போய்விட்டார், அவர் இடத்துக்கு அதே தரத்தில் யாரும் வரவில்லை. அன்செலோட்டி முன்கள வீரரையே தேடாமல், புதிதாக வந்த இருபது வயது நடுக்கள ஆட்டக்காரர் ஜூட் பெல்லிங்காமை வினீசியஸுக்கும் ரோட்ரிகோவுக்கும் பின்னால் நிறுத்திவிட்டார். பாஜோ கேட்ட அதே இடம். பெல்லிங்காம் அந்தப் பருவத்தில் 19 லீக் கோல் அடித்தார், மாட்ரிட் லீகும் சாம்பியன்ஸ் லீகும் வென்றது.

அன்செலோட்டியிடம் ஆடியவர்களில் எத்தனை பேர் பயிற்சியாளர் ஆனார்கள் என்று பார்ப்பது தனிச் சுவை. ஜிடேன் 2014இல் அவருக்கு உதவியாளர். பின்னர் மூன்று சாம்பியன்ஸ் லீகை அடுத்தடுத்து வென்றார். இஸ்தான்புல்லில் லிவர்பூலின் மூன்றாவது கோலை அடித்த ஷாபி அலோன்சோ, மாட்ரிட்டிலும் மியூனிக்கிலும் இவரிடம் ஆடி, 2025இல் மாட்ரிட் பயிற்சியாளராக இவருடைய நாற்காலியிலேயே அமர்ந்தார். ஆனால் ஒருவரும் இவரைப் போல அணி அமைக்கவில்லை. நகலெடுக்க ஒரு வரைபடத்தை அவர் விட்டுச்செல்லவில்லையே.

2025 மே மாதம் பிரேசில் தேசிய அணியைப் பொறுப்பேற்றார். அயல்நாட்டார் கையில் தங்கள் அணியைக் கொடுப்பதை அந்த நாடு அபூர்வமாகவே செய்திருக்கிறது. அங்கே அவருக்காகக் காத்திருந்த கேள்விகளில் ஒன்று வினீசியஸ். 2021க்கு முன் மாட்ரிட்டில் அவர் ஓடத் தெரிந்தும் முடிக்கத் தெரியாதவர் என்று கேலிக்கு ஆளானவர். ஐந்தாறு முறை பந்தைத் தொட்டபின் கோல் விழுவது அரிது, ஒன்றிரண்டு தொடுதலில் அடி என்று அன்செலோட்டி அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். 2021-22 பருவத்தில் லீகில் 17 கோல், பாரிஸ் இறுதியின் ஒரே கோலும் அவருடையது. மஞ்சள் சட்டையில் மட்டும் அந்த வினீசியஸ் வெளிப்படவில்லை. ஜூன் 10, அன்செலோட்டியின் அறுபத்தாறாவது பிறந்தநாள், சாவோ பாவ்லோவில் பராகுவேக்கு எதிரான தகுதிச்சுற்று. வெற்றி 1-0, உலகக் கோப்பையில் இடம் உறுதி. கோலுக்கு நேர் எதிரே நின்று, வந்த பந்தை முடித்தவர் வினீசியஸ்.